ரேடியேட்டர் சூடாகவில்லை: ஹாரோ வீடு ஒன்றின் ஹீட்டிங் வேலைக் குறிப்பு

வடமேற்கு லண்டன், ஹாரோ. 1930களில் கட்டிய செமி டிட்டாச்டு (ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டிய) வீடு. கீழே நான்கு, மாடியில் நான்கு, ஆக எட்டு ரேடியேட்டர் (உள்ளே சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் உலோகப் பலகை). சமையலறைச் சுவரில் காம்பி பாய்லர்: ஹீட்டிங், குழாய்ச் சுடுதண்ணீர் இரண்டுக்கும் அது ஒன்றே. பரணில் தொட்டி கிடையாது. 22 மி.மீ. செப்புக் குழாய் தரைப்பலகைக்கு அடியில் ஓடி, ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் 15 மி.மீ. கிளையாகப் பிரிகிறது.

குளிர் தொடங்கி ஹீட்டிங்கைப் போட்டபோது இருந்த நிலைமை: பாய்லர் ஓடுகிறது, குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் வருகிறது. ஆனால் முன் படுக்கையறை ரேடியேட்டர் முழுக்கச் சில்லிட்டுக் கிடக்கிறது. பின் படுக்கையறையில் மேல்பாதி மட்டும் குளிர். கீழே வரவேற்பறையின் பெரிய ரேடியேட்டரில் மேல்பக்கமும் ஓரங்களும் சூடு, அடியில் நடுப்பகுதி குளிர். கடைசியாக, பாய்லரிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் குளியலறை ரேடியேட்டர் எவ்வளவு நேரம் ஓடினாலும் வெதுவெதுப்பைத் தாண்டுவதில்லை.

நான்கும் ஒரே கோளாறு அல்ல. ரேடியேட்டர் குளிர்ந்தால் எல்லோரும் முதலில் தேடுவது ப்ளீட் சாவியை, அதாவது மேலே தேங்கிய காற்றைத் திறந்துவிடும் சின்னச் சாவியை. மேல்பக்கம் மட்டும் குளிர்ந்திருந்தால்தான் அந்தச் சாவிக்கு வேலை. மற்றவற்றில் திருப்பினால் கார்ப்பெட்டில் கறுப்புக் கறை விழும், இருக்கிற அழுத்தமும் இறங்கும், அவ்வளவுதான். சாவியை எடுப்பதற்கு முன் கையால் தொட்டுப் பார்ப்பது நல்லது: அரை மணி நேரம் ஹீட்டிங் ஓடியபின், ஒவ்வொரு ரேடியேட்டரிலும் உள்ளே வரும் குழாய், வால்வுக்கு அப்புறம் உள்ள துண்டு, வெளியே போகும் குழாய் மூன்றையும் பார்க்க வேண்டும். வால்வு வரை சூடு, அதற்கப்புறம் குளிர் என்றால் வால்வு மூடிக்கிடக்கிறது. உள்ளே வரும் குழாயே குளிர் என்றால் பிரச்சினை ரேடியேட்டரில் இல்லை. குழாய் 70 டிகிரிவரை போகலாம் என்பதால் புறங்கையால் சட்டென்று தொட்டு எடுத்தால் போதும்.

அழுத்தம்

பாய்லரின் அழுத்தமானி முள் 0.6 பாரில் (பார் என்பது அழுத்த அலகு) நின்றது. குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் இருக்க வேண்டும். கணக்கு எளிது: 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார். சமையலறை முள்ளுக்கும் மாடி ரேடியேட்டரின் தலைக்கும் நடுவே 2.5 முதல் 3 மீட்டர் என்றால், அங்கே தண்ணீர் ஏறி நிற்கவே 0.3 பார் வேண்டும். 0.6 என்பது மாடிக்குப் போய்ச்சேர்கிற அளவு. ஆனால் காற்றைத் திறந்துவிட்டால் உடனே தீர்ந்துவிடும். அதனால் ப்ளீட் செய்வதற்கு முன்பே ஃபில்லிங் லூப்பின் (குடிநீர்க் குழாயிலிருந்து அமைப்பை நிரப்பும் பின்னல் குழாய்) இரண்டு வால்வுகளையும் கொஞ்சமாகத் திறந்து 1.2க்கு ஏற்றி, இரண்டையும் மூடியாயிற்று. நிரப்பியபின் அந்தப் பின்னல் குழாயைக் கழற்றி வைக்க வேண்டும் என்பது இங்குள்ள குடிநீர் விதி. கழற்றாமல் விட்டு, வால்வு கசிந்தால் முள் தானாக ஏறும். காரணம் தெரியாமல் பாய்லரைக் குறை சொல்வார்கள்.

பிறகு ஹீட்டிங்கை நிறுத்தி, ஆறவிட்டு, பின் படுக்கையறை ரேடியேட்டர் ப்ளீட் செய்யப்பட்டது. பம்ப் ஓடும்போது திறந்தால் சில அமைப்புகளில் வெளிக்காற்று உள்ளே இழுபடும். சாவியைக் கால் சுற்று, அதிகம் போனால் அரைச் சுற்று. திருகு முழுதாகக் கழன்று கையோடு வந்தால் பெரும்பாடு. கீழே ஒரு பழந்துணி. காற்று போய்த் தண்ணீர் எட்டிப்பார்த்ததும் மூடி, முள்ளை மறுபடி 1.2க்கு ஏற்ற வேண்டும். அந்த ரேடியேட்டர் அதோடு சரியாயிற்று.

ஒன்று கவனிக்க. ஒரே ரேடியேட்டரில் வாராவாரம் வாயு சேர்ந்தால் அது காற்றாக இருக்க வேண்டியதில்லை. உள்ளே எஃகு அரிக்கும்போது ஹைட்ரஜன் பிறக்கிறது. அது தீப்பற்றும், சிகரெட்டும் லைட்டரும் தள்ளி இருக்கட்டும். அப்படிப்பட்ட வீட்டில் ப்ளீட் செய்துகொண்டே இருப்பதில் பயனில்லை, தண்ணீருக்கு மருந்து போட வேண்டும்.

மற்றவற்றை மூடிப் பார்க்கும் சோதனை

சாவி, ஸ்பேனர், மருந்து எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லித்தந்தது இதுதான். சூடாகாத ஒன்றை மட்டும் திறந்துவைத்து மற்ற எல்லா ரேடியேட்டர்களையும் டி.ஆர்.வி. (அறை வெப்பத்துக்கேற்பத் தானே திறந்து மூடும் வால்வு) பக்கத்தில் மூட வேண்டும். பம்பின் முழுத் தள்ளலும் ஒரே இடத்துக்குப் போகும். இப்போது சூடானால் குழாயிலும் ரேடியேட்டரிலும் அடைப்பு இல்லை, ரேடியேட்டர்களுக்கிடையே தண்ணீர்ப் பங்கீடு மட்டுமே கோணல். சூடாகவில்லை என்றால் வால்வு, அடைப்பு, ஏர் லாக் (குழாயில் சிக்கிய காற்று) மூன்றில் ஒன்று.

குளியலறை ரேடியேட்டர் பத்து நிமிடத்துக்குள் கொதித்தது: பங்கீடு. வரவேற்பறை ரேடியேட்டருக்கு அடிநடுவில் அப்போதும் குளிர்: சேறு. முன் படுக்கையறை அசையவே இல்லை. குழாய் வால்வு வரை சூடு, அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

ஒட்டிக்கொண்ட வால்வுப் பின் (pin)

டி.ஆர்.வி. தலையை அதிக எண்ணில் வைத்து, அடியிலுள்ள வளையத்தைக் கையால் சுற்றினால் தலை கழன்றுவிடும், தண்ணீர் வராது. நடுவில் ஒரு சின்ன உலோகப் பின் தெரியும். தலை அதை அமுக்கினால் வால்வு மூடும், விட்டால் உள்ளிருக்கும் ஸ்ப்ரிங் மேலே தள்ளித் திறக்கும். இங்கே பின் அடியிலேயே நின்றுவிட்டது. கோடை முழுதும் அறை வெப்பத்தில் தலை அதை அமுக்கியபடி இருந்தால் அப்படியே பிடித்துக்கொள்ளும். கோடையில் எல்லா டி.ஆர்.வி.யையும் முழுக்கத் திறந்து வைக்கச் சொல்வது இதனால்தான்.

துளி எண்ணெய் ஸ்ப்ரே, வால்வின் உடம்பில் பக்கவாட்டில் லேசாக நாலு தட்டு, பிறகு ஸ்பேனரின் தட்டைப் பக்கத்தால் பின்னை அமுக்கி விடுவது. இரண்டு மூன்று மி.மீ. தாராளமாக மேலே வந்து திரும்பும்வரை இதையே செய்தால் போதும். குறடால் பிடித்து இழுக்கவே கூடாது. சில வகைகளில் பின் கையோடு வரும், கூடவே சூடான கறுப்புத் தண்ணீரும் வரும். பின் விடுபட்டதும் வால்வுக்கு அப்புறமும் சூடு ஏறியது. தலையே பழுதாகியிருந்தால் தலையை மட்டும் மாற்றலாம், அமைப்பைக் காலி செய்யத் தேவையில்லை. பெரும்பாலான தலைகளின் மரை 30 மி.மீ. அகலம், 1.5 மி.மீ. இடைவெளி, ஆனாலும் பழைய தலையைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போவது உத்தமம்.

சேறு

ரேடியேட்டரின் எஃகும் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனும் சேர்ந்து உண்டாகும் கறுப்புத் தூளுக்கு மேக்னடைட் என்று பெயர். தண்ணீரைவிட ஐந்து மடங்கு கனம். அதனால் நீரோட்டம் மெதுவாகும் அடிநடுவில் படியும். வரவேற்பறையில் இருந்தது இரட்டைப் பலகை, 600க்கு 1000 மி.மீ.; வெறும் எடையே 30 கிலோவை ஒட்டி வரும், உள்ளே சுமார் 6 லிட்டர் தண்ணீர். ஒருவராகத் தூக்க வேண்டாம்.

கழற்றும் முறை: டி.ஆர்.வி. தலையை எடுத்துவிட்டு, அதோடு வரும் கையால் திருகும் மூடியைப் போட்டு வால்வை மூட வேண்டும். தலையைத் திருப்பி மூடியது மட்டும் போதாது. பனி விழும் குளிரில் அது குழாயை உறையாமல் காக்கத் தானே திறக்கும். ரேடியேட்டர் சுவரில் இல்லாத வேளையில் திறந்தால் அறையே குளம். மறுபக்கம், நீரோட்டத்தின் அளவை நிர்ணயிக்கும் லாக்‌ஷீல்ட் வால்வை வலப்பக்கமாகத் திருப்பி மூடும்போது எத்தனை சுற்று என்று எண்ணிச் சுவரில் பென்சிலால் எழுதிவைப்பது அவசியம். அடியில் தட்டு. வால்வின் உடம்பை ஒரு குறடால் பிடித்துக்கொண்டு நட்டைத் தளர்த்த வேண்டும். பிடிக்காமல் திருகினால் தரைக்கடியில் குழாய் முறுகும். தண்ணீர் சொட்டத் தொடங்கியபின் மேலே ப்ளீட் திருகைத் திறந்தால்தான் மீதி இறங்கும்.

வந்த தண்ணீர் காப்பி டிகாக்‌ஷன் நிறம். தோட்டத்தில் சாய்த்துவைத்து ஒரு முனையில் ஹோஸ் பைப்பை விட்டு, மறுமுனை தெளியும்வரை ஓடவிட்டு, நடுநடுவே ரப்பர் சுத்தியலால் தட்டி, தலைகீழாக்கி மறுபடியும். பெயின்ட் உரியாமல் இருக்கப் பழைய போர்வை விரிக்கலாம்.

ரேடியேட்டர் வெளியே இருக்கும்போது செய்ய வேண்டிய இன்னொன்று: வாளியை வைத்து ஒவ்வொரு வால்வையும் சில நொடி திறந்து பார்ப்பது. இரண்டிலும் தண்ணீர் பீறிட்டால் குழாய் சுத்தம். ஒன்றில் மட்டும் ஒழுகினால் அடைப்பு அந்தப் பக்கக் குழாயில். இது மூடிய அமைப்பு என்பதால் அழுத்தம் சட்டென்று விழும். பாய்லர் பக்கம் இன்னொருவர் நின்று நிரப்பிக்கொடுக்க வேண்டும். 1970களுக்குப் பிந்தைய பல வீடுகளில் 8 அல்லது 10 மி.மீ. மெல்லிய குழாய் போட்டிருப்பார்கள். அங்கே இந்தச் சோதனையைத் தவறவிட்டால் ரேடியேட்டரைக் கழுவியதே வீண்.

திரும்ப மாட்டும்போது நட்டின் கூம்புப் பகுதியைத் துடைத்தால் போதும். ரேடியேட்டருக்குள் திருகும் துண்டை அசைத்திருந்தால் மட்டும் அதன் மரைக்கு டெஃப்லான் டேப்.

ஒன்றில் சேறு இருந்தால் மற்றவற்றிலும் இருக்கும். எனவே முழு அமைப்புக்கும் சுத்திகரிப்புத் திரவம். குழாய்த் தண்ணீரும் சேர்த்து ரேடியேட்டருக்குப் பத்து லிட்டர் என்று தோராயமாகப் பிடித்தால் எட்டுக்கு 80 லிட்டர். ஒரு புட்டி தாங்கும். சேற்றைப் பிடிக்கும் காந்த ஃபில்டர் இருக்கும் வீட்டில் அதன் இரு வால்வுகளையும் மூடி, அடியில் திறந்து வடித்து, மேல்மூடி வழியாகத் திரவத்தை ஊற்றலாம். புட்டியில் சொன்ன காலம்வரை ஹீட்டிங்கை ஓட்டி, பின் முழுதும் வடித்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவி, அரிப்புத் தடுப்பான் சேர்க்க வேண்டும். சென்டினல் எக்ஸ்100, ஃபெர்னாக்ஸ் எஃப்1 இரண்டும் எங்கும் கிடைக்கும். இரண்டைக் கலக்க வேண்டாம். சுத்திகரிப்புத் திரவத்தை உள்ளேயே விட்டுவிடுவதும் கூடாது. வடிகால் குழாயின் சதுர முனையைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் நொறுங்கியிருக்கலாம். புது வாஷர் கையில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

பங்கீடு

இங்கேதான் பொறுமை வேண்டும், குளியலறைக்கு மருந்தும் இதுவே. எல்லா டி.ஆர்.வி. தலைகளையும் கழற்றி, எல்லா லாக்‌ஷீல்டையும் முழுக்கத் திறந்து, ஆறிய நிலையிலிருந்து ஹீட்டிங்கைப் போட்டு, எது முதலில் சூடாகிறது, எது கடைசி என்று வரிசை குறிக்க வேண்டும். எதிர்பார்த்தபடி சமையலறையை ஒட்டிய ஹால் முதல், குளியலறை கடைசி. தண்ணீர் எளிதான வழியிலேயே ஓடும். ஹாலில் அகலத் திறந்திருந்தால் கடைக்கோடிக்கு மிச்சம் கிடைக்காது.

முதல் ரேடியேட்டரின் லாக்‌ஷீல்டை மூடி, கால் சுற்று மட்டும் திறந்து, உள்ளே வரும் குழாய்க்கும் வெளியே போகும் குழாய்க்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை அளக்க வேண்டும். பழைய பாய்லர்களுக்கு 11 அல்லது 12 டிகிரி என்பது வழக்கம். கண்டென்சிங் பாய்லருக்கு 20 டிகிரி நல்லது: 70ல் போய் 50ல் திரும்பினால், 55க்குக் கீழே என்பதால் புகையிலுள்ள நீராவி குளிர்ந்து அதன் வெப்பமும் நமக்குக் கிடைக்கும். வித்தியாசம் அதிகமென்றால் இன்னும் கொஞ்சம் திறப்பு, குறைவென்றால் குறுக்கல். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி பளபளக்கும் செம்பில் தப்பான எண் காட்டும். குழாயில் ஒரு சுற்று கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன்மேல் அளந்தால் சரியாக வரும்.

முடிவில் ஹால் லாக்‌ஷீல்ட் கால் சுற்றுக்குச் சற்றே அதிகம், வரவேற்பறை முக்கால் சுற்று, குளியலறை முழுத் திறப்பு. குளியலறையில் 68க்கு 51. ரூம் தெர்மோஸ்டாட் ஹாலில் இருப்பதால் அங்குள்ள ரேடியேட்டருக்கு டி.ஆர்.வி. தலை இருக்கக் கூடாது; இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடும்.

எல்லாமே குளிர்ந்திருந்தால்

இந்த வீட்டில் வராத நிலை, ஆனால் அடிக்கடி வருவது. காம்பியில் குழாய்த் தண்ணீர் சூடாகி ரேடியேட்டர் ஒன்றுகூடச் சூடாகவில்லை என்றால் சூட்டை ரேடியேட்டர் பக்கமோ குழாய்த் தண்ணீர் பக்கமோ திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வைச் சந்தேகிக்கலாம். அது பாய்லருக்குள், கேஸ் சேஃப் (பிரிட்டனின் கேஸ் வேலையாளர் பதிவேடு) பதிவுள்ளவர் வேலை. சுடுநீர் உருளை உள்ள வீட்டில் மோட்டார் வால்வைப் பாருங்கள்: மின்சாரம் இல்லாதபோது அதன் நெம்புகோல் ஸ்ப்ரிங் எதிர்ப்போடு நகரும், ஹீட்டிங் கேட்கும்போது தொளதொளவென்று இருக்க வேண்டும். கேட்டும் எதிர்ப்பு குறையவில்லை என்றால் மோட்டார் போயிருக்கலாம். மூடியைத் திறக்குமுன் 3 ஆம்பியர் ஃபியூஸை உருவிவிட வேண்டும். உறைபனிக் காலையில் பாய்லரே நின்றிருந்தால், வெளிச்சுவரில் போகும் மெல்லிய பிளாஸ்டிக் கழிவுநீர்க் குழாயில் பனி அடைத்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் போதும், கொதிநீர் வேண்டாம்.

அழுத்தம் ஏன் இறங்கியது

0.6க்கு வந்த காரணம் தனியாகத் தேட வேண்டியிருந்தது. பின் படுக்கையறை லாக்‌ஷீல்டின் கழுத்தில் பச்சைப் பொருக்கு: மெதுவான கசிவு, ஒழுகுவதற்குள் காய்ந்துவிடுகிறது. கழுத்து நட்டைக் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கியதில் நின்றது. அழுத்தம் மிஞ்சினால் தண்ணீரை வெளியே விடும் பாதுகாப்பு வால்வையும் சரிபார்க்க, வெளிச்சுவரில் தெரியும் 15 மி.மீ. செப்புக் குழாயின் வாயில் பாலிதீன் பை கட்டப்பட்டது, உள்ளே ஈரமில்லை. இப்போது முள் ஆறியபோது 1.2, சூட்டில் 1.7. சூட்டில் 3 பாரை நெருங்கி, ஆறியதும் பூஜ்யத்துக்கு விழுகிற வீட்டில் கசிவைத் தேடிப் பயனில்லை, எக்ஸ்பான்ஷன் வெசலின் (சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் தரும், காற்றடைத்த கலம்) காற்றழுத்தம் போயிருக்கும். அதன் வால்வு பாய்லர் உறைக்குள் என்றால் கேஸ் சேஃப் ஆளைக் கூப்பிட வேண்டும்; பைக்குள் தண்ணீர் நின்றிருந்தால் பாதுகாப்பு வால்வையும் அவரையே அதே வருகையில் மாற்றச் சொல்லலாம், ஒருமுறை திறந்தது பெரும்பாலும் மறுபடி சரியாக மூடாது.