மொரிஸ் மைனரைக் கண்காட்சிக்குப் பதிந்த அனுபவம்

திருகோணமலையில் பழைய வாகனக் கண்காட்சி நடக்கப்போகிறது என்று அறிவித்தல் வந்ததும், இங்கே பழைய கார் வைத்திருக்கிறவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டது கட்டணத்தைப் பற்றித்தான். காருக்கு 7,500 ரூபாய். மோட்டார் சைக்கிளுக்கு 3,000. கடைசித் திகதிக்குப் பிறகு பதிந்தால் காருக்கு 10,000. பார்க்க வருகிறவர்களுக்கு இலவசம். காரைக் கழுவித் துடைத்துக் கொண்டுபோய் நாள் முழுக்க வெயிலில் நிறுத்துகிறவன் காசு கட்ட வேண்டும், பார்க்கிறவர் சும்மா வந்து போகலாம் என்பது பலருக்குப் பொறுக்கவில்லை. சிலர் அந்த இடத்திலேயே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். நான் பதிந்தேன். பதியும்போது கேட்டறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். அடுத்த முறை பதிய நினைக்கிறவர்களுக்கு உதவும்.

என்னிடம் இருப்பது அப்பாவின் மொரிஸ் மைனர், பிரித்தானியாவில் வடிவமைத்த சின்னக் கார். 1955இல் செய்தது, சீரிஸ் டூ என்கிற இரண்டாம் வகை. முன் கண்ணாடி நடுவில் ஒரு தண்டோடு இரண்டாகப் பிரிந்திருக்கும். 1956இல் அடுத்த வகையான மொரிஸ் மைனர் 1000 வந்தபோதுதான் அது ஒரே வளைந்த கண்ணாடியாக மாறியது. எஞ்சின் 803 சி.சி. திரும்பப் போகிற பக்கத்தைக் காட்டக் கதவுத் தூணுக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீண்டு, உள்ளே விளக்கு எரியும். அந்தக் கை எங்கள் காரில் இன்னும் வேலை செய்கிறது. அப்பாவுக்கு அதில் தனிச் சந்தோசம்.

படிவத்தை எடுத்தால் முதலில் வருவது எந்தப் பிரிவு என்ற கட்டம். எங்கள் ஊரில் பழைய கார் எல்லாமே வின்டேஜ்தான். ஆனால் இந்தக் கண்காட்சிக்காரர் பின்பற்றுகிற பிரித்தானியக் கணக்கில் 1919 முதல் 1930 வரை செய்தவைதான் வின்டேஜ், 1905க்கு முந்தியவை வெட்டரன். 1955 மொரிஸ் கிளாசிக் பிரிவில் வரும். பிரிவை மாற்றிப் போட்டால் நடுவர்கள் அந்த இடத்திலேயே தள்ளிவிடுவார்கள், கட்டிய காசும் திரும்பாது என்று படிவத்திலேயே இருந்தது.

எனக்குச் சங்கடமாகப் பட்டது அதற்குக் கீழே இருந்த ஒரு வரி. வாகனம் அன்றாடப் பாவனையில் இல்லாததாக இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. இது அவர்களாக உண்டாக்கிய நிபந்தனை இல்லை. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா, 1966இல் தொடங்கியது, வரலாற்று வாகனம் என்பதற்கு வைத்திருக்கிற வரையறையே இப்படித்தான்: குறைந்தது 30 வயது, செய்த காலத்துக்கு ஏற்ற தோற்றத்தில் பேணப்பட்டிருக்க வேண்டும், தினசரிப் போக்குவரத்துக்குப் பாவிக்கக் கூடாது. ஐரோப்பாவில் இது பொருந்தும். அங்கே அன்றாடத்துக்கு வேறொரு கார் இருக்கும், பழையது கராஜுக்குள் போர்வை போர்த்திக்கொண்டு இருக்கும்.

திருகோணமலையில் அப்படி நிறுத்தி வைத்த கார்கள் செத்துப் போய்விட்டன. மூன்று பக்கமும் கடல், உப்புக் காற்று. ஓடாமல் நிற்கிற காரின் தரைத் தகடுதான் முதலில் போகும், பிறகு ஸ்பிரிங் பூட்டுகிற இடம், பிறகு கதவின் அடிப்பக்கம். ஓடிக்கொண்டிருந்த கார்களை மட்டும்தான் ஆட்கள் கழுவினார்கள், எண்ணெய் போட்டார்கள், உக்கின தகட்டை வெட்டிப் புதுத் தகடு ஒட்டினார்கள். யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாமல் ஒஸ்ரின்களும் மொரிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடியது எல்லோருக்கும் தெரியும். கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் எடுத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதை நீராக்கிவிடும், பெயரிங் தேயும். அப்படி ஓடித் தேய்ந்து, திருத்தி, மறுபடி ஓடி வந்த கார்கள்தான் வடக்கிலும் கிழக்கிலும் மிஞ்சியிருப்பவை. அவற்றைப் பார்த்து, தினமும் ஓடுகிறாய், உனக்கு இங்கே இடமில்லை என்று சொன்னால் எங்கள் ஊரில் காட்சிக்கு வைக்க வேறு என்ன இருக்கிறது?

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜில் இன்றைக்கும் சந்தைக்குப் போய் வருகிறார். அவரிடம் பதிகிறீர்களா ஐயா என்று கேட்டேன். "அந்தக் காசுக்கு நான் ரெண்டு மாசம் பெற்றோல் அடிப்பன் தம்பி" என்றார். அது நியாயமான பதில் என்றுதான் எனக்குப் பட்டது.

ஏற்பாட்டுக் குழுவின் பொருளாளருக்கு அழைத்துக் கதைத்தேன். கோபிக்காமல் கேட்டார். முதலில் கட்டணம் ஏன் இவ்வளவு என்று கேட்டேன், கணக்கையே சொன்னார். மைதான வாடகை, கூடாரம், ஜெனரேட்டர், முதல் நாள் இரவே வந்துவிடுகிற வாகனங்களுக்குக் காவல், பொலிஸில் எடுக்க வேண்டிய ஒலிபெருக்கி அனுமதி, அம்புலன்ஸ், பார்வையாளருக்குக் காயம் பட்டால் ஈடு கொடுக்கிற காப்புறுதி, ஒவ்வொரு வாகனத்துக்கும் இரண்டு மதியச் சாப்பாட்டுப் பார்சல், நினைவுத் தகடு. அப்படியென்றால் பார்க்கிறவர்களிடம் ஐம்பது நூறு வாங்கலாமே என்றேன். டிக்கட் விற்றால் அது களியாட்ட நிகழ்ச்சிக் கணக்கில் வந்துவிடும், உள்ளூராட்சி மன்றத்துக்குக் களியாட்ட வரி கட்ட வேண்டும், டிக்கட்டுகளைக் கொண்டுபோய் முத்திரை குத்தி எடுக்க வேண்டும், வாசலில் ஆள் போட வேண்டும், சனமும் குறையும் என்றார். பார்வையாளருக்கு இலவசம் என்றால் செலவு முழுக்க எங்கள் தலையிலும் விளம்பரம் தருகிறவர்கள் தலையிலும்தான் விழும். இதை அறிவித்தலிலேயே நாலு வரியில் எழுதியிருந்தால் பாதிப் பேர் முறுமுறுத்திருக்க மாட்டார்கள்.

பிறகு அந்தப் பெரியவரின் ஒஸ்ரினைப் பற்றிச் சொன்னேன். நடுவர் பார்வை வேண்டாம், பரிசு வேண்டாம், நினைவுத் தகடும் வேண்டாம், ஒரு ஓரத்தில் நிறுத்திச் சனத்துக்குக் காட்டினால் போதும் என்கிறவர்களுக்கு ஒரு குறைந்த கட்டணம் வையுங்கள் என்று கேட்டேன். வெளிநாட்டுக் கண்காட்சிகள் பலவற்றிலும் மதிப்பீட்டுக்கு வருகிற வாகனம், காட்சிக்கு மட்டும் வருகிற வாகனம் என்று இரண்டு விதம் உண்டு. நடுவர்களுக்கான செலவும் பரிசுச் செலவும் முதல் வகைக்குத்தான். குழுவில் கதைத்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அடுத்த கிழமையே காட்சிக்கு மட்டும் என்று 4,000 ரூபாயில் ஒரு பிரிவு வந்தது. அன்றாடப் பாவனை பற்றிய வரி அதற்குப் பொருந்தாது என்றும் எழுதியிருந்தார்கள். நான் மதிப்பீட்டுப் பிரிவிலேயே பதிந்தேன், அப்பாவின் ஆசை அது. பெரியவர் 4,000 கட்டினார். அந்தப் பிரிவில் ஊர்க்காரர் நிறையப் பேர் சேர்ந்தார்கள்.

தாள்கள் விசயம் இலேசாகத்தான் போனது. வாகனப் பதிவுப் புத்தகம், நடப்பாண்டு வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி அட்டை, அடையாள அட்டை ஆகியவற்றின் பிரதிகள். நான்கு பக்கமும் எடுத்த படங்கள், எஞ்சின் நம்பரும் செசி நம்பரும் தெரிகிற படங்கள். புத்தகம் அப்பாவின் பெயரில் இருப்பதால், என் மகன் காரைக் காட்சிக்குக் கொண்டுபோக அனுமதிக்கிறேன் என்று அப்பா ஒரு கடிதம் எழுதி, சமாதான நீதவானிடம் கையொப்பம் வாங்கிக் கொடுத்தோம். இதற்கு ஒருநாள் போதும், ஆனால் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். எஞ்சின் மாற்றிய கார் என்றால் இன்னும் கவனம் வேண்டும். மொரிஸுக்கு ஜப்பான் எஞ்சின் பூட்டி ஓடுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். புத்தகத்தில் இருக்கிற நம்பரும் காரில் இருக்கிற நம்பரும் ஒத்துப் போகாவிட்டால் கண்காட்சிக்காரர் எடுக்க மாட்டார்கள். அதைத் திருத்துகிற இடம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம், கண்காட்சிக் குழு அல்ல.

காசு கட்டும்போது வங்கிச் சீட்டில் குறிப்பு எழுதுகிற இடத்தில் உங்கள் பெயரை எழுதாமல் வாகன நம்பரை எழுதுங்கள். ஒரே பெயரில் எத்தனையோ பேர் இருப்பார்கள், ஒரு நம்பர் ஒரு வாகனத்துக்கு மட்டும்தான். எனக்குத் தெரிந்த ஒருவர் மனைவியின் கணக்கிலிருந்து மாற்றி, குறிப்பு ஒன்றும் போடாததால் அவருடைய பதிவு கடைசித் திகதி தாண்டியும் உறுதியாகவில்லை. தாமதக் கட்டணம் கேட்டார்கள், வங்கிச் சீட்டைக் காட்டித்தான் தப்பினார். சீட்டைப் படம் எடுத்து அனுப்பியதோடு விடாமல், குழுவின் இலக்கமிட்ட பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அன்று காலை வாசலில் கேட்டது அதைத்தான்.

எல்லோரும் கட்டாயம் கவனிக்க வேண்டியது காப்புறுதி. குழு எடுத்திருந்த காப்புறுதி பார்வையாளருக்கு நேர்கிற காயத்துக்கு மட்டும்தான். எங்கள் காருக்கு ஏதும் நடந்தால் அதிலிருந்து ஒரு சதமும் வராது. பழைய கார்க்காரர் பெரும்பாலும் வைத்திருப்பது மூன்றாந்தரப்புக் காப்புறுதி. அதுவும் சொந்தக் காரின் சேதத்துக்கு உதவாது. கூடாரக் கம்பி காற்றில் சாய்ந்து பொனட்டில் விழுந்தால் செலவு உங்களுடையது. முழுக் காப்புறுதி இருந்தால் கண்காட்சியில் நிறுத்துவதும் அதற்குள் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கட்டணத்துக்காக இவ்வளவு பேசிய நாங்கள் பலர் இதைக் கேட்கவே இல்லை என்பது எனக்குக் கவலையாக இருந்தது. காரைச் சுற்றிக் கயிறு கட்டித் தர வேண்டும் என்று கேட்டோம், தந்தார்கள். பார்க்க வருகிறவர்களின் இடுப்புப் பட்டிக் கொளுவி உரசி வருகிற கீறல் பொலிஷ் போட்டும் போகாது.

விதிகளில் மூன்று விசயம் இருந்தது: தீயணைப்பான் ஒன்று காருக்குள் இருக்க வேண்டும், எஞ்சினுக்குக் கீழே எண்ணெய்த் தட்டு வைக்க வேண்டும், நிறுத்தியதும் பற்றரி வயரைக் கழற்ற வேண்டும். மொரிஸின் எஞ்சினில் பின்பக்கம் எண்ணெய் சொட்டாமல் தடுக்க இறப்பர் சீல் கிடையாது, சுருள் வெட்டு ஒன்றுதான் எண்ணெயைத் திருப்பி அனுப்பும். ஆகவே எவ்வளவு நல்ல எஞ்சினும் ஓரிரு துளி விடும், தட்டு கட்டாயம். பற்றரி விசயத்தில் இளம் பொடியன்கள் உதவிக்கு வந்தால் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். இந்தக் கார்களில் பொசிட்டிவ் முனைதான் உடலோடு சேர்ந்திருக்கும், இப்போதைய காருக்கு நேர் எதிர். ஜம்ப் கேபிளின் நெகட்டிவ் முனையை வழக்கம்போல உடலில் கொளுவினால் பழுதாகிவிடும்.

கட்டணத்தை விட ஆயத்தச் செலவுதான் பெரிது. பெற்றோலையும் காற்றையும் கலந்து விடுகிற எஸ்.யூ. கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவி, தீப்பொறிக்கான பொயின்ற் இடைவெளி பார்த்துத் தந்தது கிண்ணியாவில் இருக்கிற ஒரு மெக்கானிக் நானா. சொன்ன காசை விடக் குறைத்துத்தான் வாங்கினார். பதினான்கு அங்குல ஒடுக்க ரயர் தேடுவது தனிப் பாடு. தரைத் தகட்டில் ஒரு துண்டு மாற்ற வேண்டியிருந்தது. காலிப் பக்கத்தில் ஒரு காலம் மொரிஸ் மைனர் தகடுகளைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள், நம் நாட்டுத் தகரக் கைவேலை அவ்வளவு தரம். எங்கள் ஊர்த் தகர வேலைப் பாஸ்மார் வெட்டி ஒட்டிய துண்டும் அதற்குக் குறைந்ததில்லை.

கண்காட்சி நாளில் கச்சான் என்கிற சூடான வறண்ட காற்று. காலையில் துடைத்த கார் பத்து மணிக்கே தூசி. நடுவர்கள் வந்து முன் கண்ணாடி, கிறில், பெயின்ட் நிறம் எல்லாம் பார்த்தார்கள். சீற் துணி பழைய வகை இல்லை என்று புள்ளி குறைத்தார்கள், அது சரிதான். பரிசு கிடைக்கவில்லை. அப்பா மட்டும் வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் அந்தச் சிக்னல் கையை நீட்டிக் காட்ட வேண்டும் என்று விரும்பினார், பற்றரி கழற்றியிருந்ததால் வாயால் சொல்லிக்கொண்டிருந்தார்.

மட்டக்களப்பிலிருந்து ஏ15 வீதியால் வந்த ஒருவரின் கார் மூதூருக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டது. அவரிடம் இன்னொரு பழைய கார் வீட்டில் இருந்தது, அதைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். படிவத்தில் அதைப்பற்றி ஒன்றும் இல்லை. குழு யோசித்துவிட்டு, பதிந்த நம்பர்தான் உள்ளே வரலாம் என்றது. பழைய வாகனம் வழியில் நிற்பது புதினமில்லை, அதற்கு ஒரு விதி இருக்க வேண்டும். நாங்கள் நாலைந்து பேர் பக்கத்தில் நின்று கதைத்ததால் பாதிக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்தார்கள், கொடுத்தும்விட்டார்கள்.

அதற்குப் பிறகு ஊர்க்காரர் சேர்ந்து குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினோம். படிவம் தமிழிலும் சிங்களத்திலும் வர வேண்டும், காட்சிக்கு மட்டும் பிரிவு ஒவ்வொரு முறையும் இருக்க வேண்டும், கார் பழுதானால் அதே உரிமையாளரின் வேறு வாகனத்தைக் கொண்டுவரலாம் என்று எழுத வேண்டும், கட்டணம் எதற்குப் போகிறது என்பதை அறிவித்தலிலேயே போட வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். முதல் இரண்டுக்கும் சரி என்று பதில் வந்துவிட்டது. மாற்று வாகனத்துக்குக் காப்புறுதிக்காரரிடம் கேட்க வேண்டும் என்கிறார்கள். கட்டணக் கணக்கை அறிவித்தலில் போடுவது பற்றி இன்னும் பதில் இல்லை, திரும்பவும் எழுதப் போகிறோம்.