கொக்குக்கு மைனஸ், சேடைக்கு பிளஸ்

கேமரா வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்கு முதல் படம் பெரியம்மாவைத்தான் எடுத்தேன். மதியம் மூன்று மணி இருக்கும். நான் ரேழியில் நிற்கிறேன், பெரியம்மா வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள், பின்னால் தெரு வெயிலில் பளீரென்று கிடக்கிறது. என் கண்ணுக்கு எல்லாம் தெரிகிறது. மூக்குத்தி, மடியில் கீரைக்காம்பு, எதிர்வீட்டுத் திண்ணையில் காயும் வடகம் வரைக்கும். அழுத்தினேன். திரையில் தெரு இருந்தது, எதிர்வீடு இருந்தது, வடகம்கூட இருந்தது, பெரியம்மா இருந்த இடத்தில் மட்டும் கறுப்பாக ஏதோ குந்தியிருந்தது. வாங்கிப் பார்த்தவள், "என்னடா, கரிச்சட்டியப் படம் புடிச்சு வச்சிருக்கே" என்று சொல்லிவிட்டுக் கீரைக்குத் திரும்பிவிட்டாள்.

வாங்கியது பழைய கேனன் 700டி. 2013-ல் வந்த மாடல், கும்பகோணத்தில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில், கூடவே 18-55 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ். நாற்பதைத் தாண்டிய பிறகு இது எதற்கு, போனில்தான் நன்றாக விழுகிறதே என்று வீட்டில் கேட்டார்கள். எங்கள் பக்கம் கை நடவு வருஷத்துக்கு வருஷம் குறைகிறது, மிஷின் வருகிறது, நேரடி விதைப்பு வருகிறது, இருக்கும்போதே ஒரு குறுவை நடவையாவது ஒழுங்காக எடுத்து வைக்கவேண்டும் என்று பதில் சொன்னேன். பாதி உண்மை. மீதி, சின்ன வயதில் கல்யாண வீடுகளில் கேமராக்காரர் பின்னாலேயே ஓடிய ஆசை.

பக்கத்து வீட்டுப் பையன் வந்து எத்தனை மெகாபிக்சல் என்றான். 18 என்றேன். என் போன் 108 என்று சொல்லிவிட்டுப் பரிதாபமாகப் பார்த்தான். இதற்குள் இருக்கும் சென்சார் 22.3-க்கு 14.9 மில்லிமீட்டர், போனில் இருப்பது சுண்டுவிரல் நகம் அளவுகூடத் தேறாது, அத்தனை புள்ளியையும் அந்த இடத்தில் நெருக்கி நட்டால் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வெளிச்சம் கிடைக்கும் என்றெல்லாம் பேச அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு சொன்னேன், அவன் நம்பவில்லை. சரி விடுங்கள்.

ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றும் இரண்டு நாளில் பிடிபட்டுவிட்டன. மடையை எவ்வளவு அகலம் திறக்கிறோம், எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம், இவை அப்பர்ச்சரும் (லென்ஸின் துளை) ஷட்டரும் (அது திறந்திருக்கும் நேரம்), தண்ணீர்தான் வெளிச்சம். ஐஎஸ்ஓ தண்ணீரே இல்லை, வந்த கொஞ்சத்தைப் பெருக்கிக் காட்டுகிற வேலை, அதிகம் பெருக்கினால் படத்தில் மணல் மணலாகத் தெரியும். இந்த மடைக் கணக்கு ஓரளவுக்குத்தான் ஓடும், ஏனென்றால் மடையை அகலத் திறந்ததால் பின்னால் இருக்கிற தென்னந்தோப்பு மங்கிப்போனதாக எந்த ஊரிலும் கிடையாது, லென்ஸில் அது நடக்கும். இதெல்லாம் தெரிந்தும் பெரியம்மா கறுப்பாகவேதான் விழுந்தாள். மூன்றையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். ஒன்றை நான் கூட்டினால் இன்னொன்றைக் கேமரா சத்தமில்லாமல் குறைத்துக்கொண்டது.

திருவையாற்றில் தெரிந்த அண்ணன் ஒருவர், ஃபிலிம் ரோல் காலத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தவர், இப்போது பாஸ்போர்ட் போட்டோவும் லேமினேஷனும் மட்டும். கேமராவைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன். படத்தைப் பார்த்தார், சிரிக்கவில்லை. கொடியில் காய்ந்த தன் வெள்ளை வேட்டியை விரித்துக் காட்டி, "இதை ரொப்பி ஒண்ணு எடு" என்றார். எடுத்தேன். மூலையில் இருந்த கறுப்புக் குடையை விரித்து, "இதையும்" என்றார். எடுத்தேன். திரையில் இரண்டு படத்தையும் மாற்றி மாற்றித் தள்ளிப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது என்றுதான் சொல்லவேண்டும். இரண்டும் ஒரே சாம்பல். வேட்டி பத்து நாள் துவைக்காத மாதிரி, குடை பத்து வருஷம் வெயிலில் காய்ந்த மாதிரி. எது எது என்று குடைக்கம்பியை வைத்துத்தான் கண்டுபிடிக்கவேண்டியிருந்தது.

"உன் கேமராவுக்கு உலகத்துல ஒரே கலர்தான் தம்பி, சாம்பல்" என்றார்.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். கேமராவுக்குள் இருக்கும் மீட்டர் ஒரு பொருளிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தைத்தான் அளக்கிறது. நிழலில் கிடக்கிற வெள்ளை வேட்டியும் வெயிலில் நிற்கிற எருமையும் ஒரே அளவு வெளிச்சத்தை அனுப்பினால் அதற்கு இரண்டும் ஒன்றுதான். எது வேட்டி எது எருமை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இல்லாததால், பார்ப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல், விழும் வெளிச்சத்தில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பொருள் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. வெள்ளையைக் கண்டால் வெளிச்சம் அதிகம் என்று குறைக்கும், கறுப்பைக் கண்டால் இருட்டு என்று கூட்டும். ரோல் காலத்து மீட்டரும் இதே புத்திதானாம். பெரியம்மா படத்தில் அது தெருவைப் பார்த்து முடிவெடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

மருந்து ரொம்பச் சின்னது. மேலே இருக்கும் சக்கரத்தை ஏவியில் (துளையை நாம் வைத்தால் நேரத்தைக் கேமராவே வைத்துக்கொள்ளும் முறை) வைத்து, திரைக்குப் பக்கத்தில் கட்டைவிரல் படுகிற இடத்தில் இருக்கும் பிளஸ் மைனஸ் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு முன்சக்கரத்தைத் திருப்பினால் கோட்டில் ஒரு குறி நகரும். பிளஸ் 1 என்றால் கேமரா நினைத்ததைப்போல இரண்டு மடங்கு வெளிச்சம், மைனஸ் 1 என்றால் பாதி. வேட்டிக்கு பிளஸ் ஒன்றரைக்குக் கிட்டே வைத்ததும் வேட்டி வேட்டியானது.

அடுத்த ஞாயிறு தாராசுரம் போனேன். ஐராவதேஸ்வரர் கோயில், இரண்டாம் ராஜராஜன் கட்டியது, முன்மண்டபத்தில் கல் சக்கரமும் பாயும் குதிரையும் இருக்குமே, அதேதான். பிளஸ் மைனஸ் பொத்தானை ஒரு தடவைகூடத் தொடவேண்டியிருக்கவில்லை. எடுத்ததெல்லாம் சரியாக வந்தன. பெரிய ஆளாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே பேருந்தில் வரும்போது பாதி வழியில்தான் உறைத்தது, கல்லே ஏறத்தாழ அந்தச் சாம்பல்தானே, கேமராவுக்குப் பிடித்த நிறத்திலேயே கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஜூன் 12-ம் தேதிதான் வழக்கமாக மேட்டூரைத் திறக்கும் நாள். அங்கிருந்து கல்லணைக்கு வந்து, பிரிந்து, எங்கள் வாய்க்காலைத் தொட இன்னும் சில நாளாகும். போர்வெல் வைத்திருப்பவர்கள் அதற்கு முன்பே நாற்று விட்டிருப்பார்கள். நாற்றங்காலில் கொக்கு இறங்கியிருந்தது. அண்ணன் பாடம் தலையில் ஏறியிருந்ததால், வெள்ளைக்கு பிளஸ், என்று ஒன்றரை கூட்டி வைத்து முப்பது படம் எடுத்துத் தள்ளினேன். வீட்டில் வந்து பெரிதாக்கிப் பார்த்தால் நாற்று மஞ்சள் பூத்துக் கிடக்கிறது, கொக்கு இருக்கவேண்டிய இடத்தில் கொக்கு வடிவில் ஒரு ஓட்டை. இறகும் இல்லை, இறக்கை மடிப்பும் இல்லை, வெறும் காகிதம். ஒரு தடவை இப்படி வெளுத்துவிட்டால் கம்ப்யூட்டரில் எவ்வளவு இருட்டாக்கினாலும் அந்த வெள்ளை சாம்பலாகுமே தவிர இறகு திரும்பி வராது.

மறுபடி திருவையாறு.

"படத்துல கொக்கு எவ்வளவு பெருசு?"

"சுண்டுவிரல் நகம்."

"மிச்சம்?"

"நாத்து."

"அப்ப மீட்டர் யாரைப் பாத்துச்சு?"

நாற்றைப் பார்த்திருக்கிறது. காலை நேரத்துக் கரும்பச்சை நாற்றை இருட்டு என்று எண்ணி, தானே கொஞ்சம் கூட்டியிருக்கிறது, அதன்மேல் நான் ஒன்றரை கூட்டியிருக்கிறேன். கொக்கு என்ன செய்யும், பாவம். நான் வெள்ளை எங்கே கறுப்பு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன், பார்க்கவேண்டியது படத்தின் சட்டத்துக்குள் எது நிறைய இருக்கிறது என்பதை. நகமளவு கொக்குக்கு மைனஸ். அதே கொக்கு சட்டத்தை அடைத்துக்கொண்டு நின்றால் பிளஸ். இதை நான் நாலு நாள் வாய்க்குள் சொல்லிக்கொண்டே திரிந்தேன்.

அவர் இன்னொரு வழியும் சொன்னார். அந்தக் காலத்தில் மீட்டர் இல்லாத கேமராவில் எப்படி எடுத்தோம் என்று நினைக்கிறாய், ரோலில் 36 படம், ஒன்று வீணானால் காசு போச்சு. நல்ல வெயில் என்றால் எஃப் 16 (துளையின் அளவு, எண் பெரிதானால் துளை சிறிது), ஷட்டர் ரோலின் ஐஎஸ்ஓ நம்பருக்குக் கிட்டே, 100 ரோலுக்கு 1/125, எதிரே நிற்பது எருமையா கொக்கா என்று பார்க்கிறதே இல்லை, ஏனென்றால் வெயில் எல்லார்மேலும் ஒன்றாகத்தானே விழுகிறது. நான் அதை ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 1/500 என்று மாற்றிக்கொண்டேன், கணக்கு ஒன்றுதான், துளையில் இரண்டு படி கூடினால் நேரத்தில் இரண்டு படி குறைகிறது, ஒரு படி என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு அல்லது பாதி. மேனுவலில் இதை வைத்துவிட்டு உச்சி வெயிலில் எதை எடுத்தாலும் பெரிய தப்பு வராது. காலை ஏழு மணிக்கு ஒத்துவராது, வெயில் சாய்வு, கொஞ்சம் கூட்டவேண்டும்.

நடவு அன்றைக்கு ஏழு மணிக்கே வரப்பில் நின்றேன். சேடை ஓட்டி, அதாவது தண்ணீர் கட்டி உழுது சேறாக்கி, சமன் செய்த வயல், தண்ணீர் அரை சாண் இருக்கும், அதில் வானம் முழுசாக இறங்கிக் கிடக்கிறது. நடவாட்கள் பதினோரு பேர். நாற்றுமுடியைப் பிரித்து மூணு நாலு நாற்றாகக் கிள்ளி ஊன்றுகிறார்கள், கை போவதும் வருவதும் கண்ணுக்கு நிற்கவில்லை. 1/125-ல் முதல் படத்தில் எல்லாருக்கும் மணிக்கட்டுக்குக் கீழே புகை. 1/500-க்கு ஏற்றிய பிறகுதான் விரல் விரலாக வந்தது.

முகம்தான் வரவில்லை. நடுகிறவர்கள் பின்னாலேயேதான் நகர்வார்கள், ஊன்றிய நாற்று அவர்களுக்கு முன்னால் இருக்கும். முகத்தை எடுக்கவேண்டும் என்றால் நான் அந்த நட்ட நாற்றின் மேல் நிற்கவேண்டும், அது நடக்கிற காரியமா. வரப்பில் எந்தப் பக்கம் போனாலும் முதுகும் தலைத்துண்டும்தான். ஒரு அக்கா நிமிராமலேயே, "தம்பி, முதுகையே எத்தினி புடிப்பீங்க, மூஞ்சியும் இருக்கு எங்களுக்கு" என்றது, மொத்த வரிசையும் சிரித்தது. அந்தச் சிரிப்பில் இரண்டு பேர் நிமிர்ந்தார்கள், நான் அப்போது மெமரி கார்டில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நட்டு முடிந்த பக்கத்து வரப்பின் மூலைக்குப் போய், லென்ஸை 55-ல் வைத்து, வரப்பிலேயே குந்தி உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது, குனிந்த முகம் நிழலில் இல்லை. தண்ணீரில் பட்ட வெளிச்சம் கீழிருந்து மேலே அடித்து, மூக்குக்கு அடியிலும் மோவாயிலும் அலை அலையாக ஆடிக்கொண்டிருந்தது. மீட்டரோ தண்ணீரில் கிடக்கிற வானத்தைப் பார்த்து மிரண்டு எல்லாரையும் இருட்டாக்கிக்கொண்டிருந்தது. பிளஸ் 1. வெயிலில் திரையில் ஒரு எழவும் தெரியாது என்பதால் ஹிஸ்டோகிராமைப் போட்டுப் பார்த்தேன், இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமுமாக மலைபோலக் காட்டுகிற படம் அது, மலை வலது சுவரில் போய் முட்டவில்லை, சரி. அன்றைக்கு எடுத்த 240-ல் ஏழு தேறியது. அந்த ஏழில் ஒன்றில் நாற்றுமுடியிலிருந்து தெறித்த சேற்றுத் துளி ஒன்று அந்த அக்காவின் கன்னத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் அந்தரத்தில் நிற்கிறது. நான் பார்த்து எடுத்ததில்லை, அதுவாக விழுந்தது.

தங்கை மகள் காதுகுத்துக்கு நான்தான் போட்டோகிராபர் என்று சொல்லிக்கொண்டு போய் அவமானப்பட்டதையும் சொல்லிவிடுகிறேன். வயலில் 1/500 ருசி கண்டுவிட்டதால் மண்டபத்துக்குள்ளும் அதையே வைத்தேன். தாய்மாமன் மடியில் குழந்தை வீறிடுகிற படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக இருட்டு. கேமரா ரிப்பேர் என்று பயந்துபோனேன். நம் கரண்டு 50 ஹெர்ட்ஸ், பழைய டியூப் லைட் விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்குகிறது, கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டருக்குத் தெரியும். 1/100 அல்லது 1/50 வைத்தால் ஒரு முழுச் சுற்று உள்ளே வந்துவிடும், பட்டை போய்விடும். தங்கைக்கு இந்த ஹெர்ட்ஸ் விளக்கம் எடுபடவில்லை.

மழைக்காலம் வந்ததும் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள், அரிசிப் பானைக்குள் புதைத்து வை என்று ஒருவர் சொன்னார். எங்கள் வீட்டு அரிசியைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார், தவிடு பறக்கும். காற்றுப் புகாத டப்பா, உள்ளே நாலு சிலிக்கா ஜெல் பை, அவ்வளவுதான் என் ஏற்பாடு. ஒரு வாரத்துக்கு மேல் எடுக்காமல் வைப்பதில்லை.

போன வாரம் பெரியம்மா அதே வாசற்படியில், அதே மூன்று மணிக்கு, இந்தத் தடவை பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ரேழியில் அதே இடத்தில் நின்றுகொண்டு பிளஸ் 2 வைத்து எடுத்தேன். மூக்குத்தி வந்தது, நெற்றிச் சுருக்கம் வந்தது, நகத்தில் ஒட்டிய பூண்டுத்தோல்கூட வந்தது. ஓடிப்போய்க் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நான் இருக்கேன் சரி. எதுத்த வீட்டக் காணுமேடா?"

பார்த்தேன். தெரு மொத்தமும் வெள்ளையாகப் போயிருந்தது. திண்ணைக்கு வந்து உட்காரு பெரியம்மா, இரண்டும் வரும் என்றேன். பூண்டு உரித்து முடியட்டும் என்றாள்.