தேசியச் சேமிப்பு ஒப்பீட்டுக் கேள்வி: என்னைக் கவிழ்த்ததும் கரையேற்றியதும்

முடிவு வந்து நான்கு நாள்கள் ஆகின்றன. பேரியல் பொருளாதாரத் தாளில் இம்முறை தேறிவிட்டேன். அந்த நிம்மதி ஆறுவதற்குள், சென்ற ஆண்டு என்னைக் கவிழ்த்த பெரிய கேள்வியைப் பற்றி எழுதிவிடுகிறேன்: இரு நாடுகளின் மொத்தத் தேசியச் சேமிப்பைக் கால வரிசையில் ஒப்பிட்டு விளக்குவது.

சென்ற ஆண்டு சீனாவும் அமெரிக்காவும் வந்திருந்தன. 2008ஐ ஒட்டிய ஆண்டுகளில் சீனாவின் சேமிப்பு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் பாதியைத் தாண்டி நின்றதையும், அமெரிக்காவின் கோடு 2009இல் ஏறத்தாழ 14 விழுக்காட்டுக்கு இறங்கியதையும் வரைபடத்தில் கண்டவுடன், சீனக் குடும்பங்கள் சிக்கனமானவை, அமெரிக்கக் குடும்பங்கள் கடன் வாங்கிச் செலவழிப்பவை என்று மூன்று பக்கம் எழுதிவிட்டேன். சேமிப்பு என்றதும் வீட்டுக் கணக்கு மட்டுமே என் நினைவுக்கு வந்தது. தேசியச் சேமிப்பு என்பது குடும்பங்கள், நிறுவனங்கள், அரசு ஆகிய மூன்றின் கூட்டுத்தொகை.

உண்மையில் 2008 நிதி நெருக்கடிக்கு அஞ்சிய அமெரிக்கக் குடும்பங்கள் 2009இல் முன்பைவிடக் கூடுதலாகவே சேமித்தன. ஆனால் அவ்வாண்டு கூட்டாட்சி அரசின் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 10 விழுக்காட்டை எட்டியதால், வீடுகள் சேர்த்ததை அரசின் பற்றாக்குறை விழுங்கி, கோட்டைக் கீழே இழுத்துவிட்டது. சீனாவில் 2000க்குப் பின் வந்த ஏற்றத்திலும் குடும்பங்களோடு, நிறுவனங்கள் பங்கிட்டுக் கொடுக்காமல் வைத்துக்கொண்ட லாபத்துக்கும் அரசின் சேமிப்புக்கும் பெரும் பங்கு உண்டு. என் மூன்று பக்கங்களில் இவற்றுள் ஒன்றுகூட இல்லை.

ஆகவே இம்முறை முதல் பத்து நிமிடங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. ஓரத்தில் குடும்பம், நிறுவனம், அரசு என மூன்று கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு நாட்டுக்கும் எந்தத் துறை ஏறியது, எது இறங்கியது என்று அம்புக்குறி மட்டும் இட்டேன். இம்முறை வந்த இரு நாடுகளில் ஒன்று ஜப்பான். மக்கள் தொகை முதுமையடைய முதுமையடையக் குடும்பச் சேமிப்பு வீதம் சரிந்ததும், 1990களின் இறுதியிலிருந்து நிறுவனங்கள் முதலீட்டைவிடக் கூடுதலாகச் சேமிக்கத் தொடங்கியதும் எதிரெதிர் அம்புகளாக நின்றன. விடை அங்கேயே உருவாகிவிட்டது. வேகமாக எழுதுகிறவர்களுக்குப் பத்து நிமிடம் வீணாகத் தோன்றலாம். என்னைப் போல் நிதானமாக எழுதுகிறவர்கள் தயங்காமல் செலவிடுங்கள்.

மற்றவை சுருக்கமாக:

- டாலர் தொகையை ஒப்பிடாதீர்கள். உற்பத்தியில் விழுக்காடாக மாற்றிய பின்பே பேசுங்கள்.
- ‘தேசிய’, ‘உள்நாட்டு’ இரண்டும் ஒன்றல்ல. வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணம் சேர்வதால் பிலிப்பைன்ஸில் தேசியச் சேமிப்பு பெரியது. பன்னாட்டு நிறுவனங்களின் லாபம் வெளியேறும் அயர்லாந்தில் உள்நாட்டுச் சேமிப்பு பெரியது.
- ‘மொத்த’ என்றால் தேய்மானம் (இயந்திரங்களும் கட்டடங்களும் தேய்வதால் குறையும் மதிப்பு) கழிக்கப்படவில்லை. அதைக் கழித்தால் 2009இல் அமெரிக்காவின் நிகரச் சேமிப்பு சுழிக்கும் கீழே போகிறது. இந்த ஒரு வரிக்கு மதிப்பெண் உண்டு என்றே நம்புகிறேன்.
- அமெரிக்கப் பொருளியலாளர் பென் பெர்னான்கி 2005இல் முன்வைத்த உலகளாவிய சேமிப்பு மிகை வாதத்தை (பிற நாடுகளின் மிகைச் சேமிப்பே அமெரிக்காவின் பற்றாக்குறைக்கு ஒரு முக்கியக் காரணம் என்பது)க் கணக்கு முடிந்த பிறகு எழுதுங்கள். அதைக் கொண்டு விடையைத் தொடங்காதீர்கள்.
- சேமிப்பிலிருந்து முதலீட்டைக் கழித்தால் நடப்புக் கணக்கு இருப்பு (வணிகம், வருமானம், பணம் அனுப்புதல் வழியே வெளிநாடுகளோடு நடக்கும் வரவு செலவின் மிச்சம்) வர வேண்டும். சீனாவுக்கு 2007இல் சுமார் 10 விழுக்காடு உபரி, அமெரிக்காவுக்கு 2006இல் சுமார் 6 விழுக்காடு பற்றாக்குறை. உங்கள் விடை இவற்றோடு முரண்பட்டால், ஏதோ ஒரு கட்டத்தில் அம்பு திசைமாறியிருக்கிறது. அங்கே திரும்பிப் போய்த் திருத்துங்கள்.