50 கிலோடால்டனில் ஒரு கோடு

ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வருடம், பெரிதாக ஏதோ சாதித்துவிட்டதாக நினைத்து ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தேன்.

வேலை இதுதான். எலியின் மூளைத் திசுவை அரைத்து, அதிலிருந்து ஃபின் என்ற புரதத்தை, அதை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி ஒட்டிய காந்த மணிகளால் இழுத்தெடுக்க வேண்டும். கூட்டத்தில் ஒருவர் கையைப் பிடித்து இழுத்தால் அவரைப் பிடித்துக்கொண்டிருப்பவரும் சேர்ந்துதானே வருவார்? அப்படி ஃபின்னோடு யார் வருகிறார்கள் என்று பார்ப்பது. எனக்கு டாவ் என்ற இன்னொரு புரதம் வர வேண்டும். வந்தது. புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில், 50 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பக்கத்தில் கொழுத்த கறுப்புக் கோடு.

ஏன் ஃபின் என்று சொல்ல வேண்டும். அல்சைமர் நோயில் குற்றவாளிகள் இருவர். செல்லுக்கு வெளியே படியும் அமிலாய்டு பீட்டா; உள்ளே முறுக்கிக்கொள்ளும் டாவ். 1906-இல் அலாய்ஸ் அல்சைமர் தன் நோயாளியின் மூளையில் பார்த்துச் சொன்னது இந்தப் படிவுகளையும் முடிச்சுகளையும்தான். ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. இரண்டுக்கும் என்ன தொடர்பு? 2007-இல் ஒரு துப்பு கிடைத்தது: எலிகளில் டாவைக் குறைத்தபோது, அமிலாய்டு அப்படியே இருந்தும் நினைவுக் கோளாறு தணிந்தது. டாவ்தான் ஃபின்னை, நரம்பணுக்கள் சந்திக்கும் சினாப்ஸ் வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது, அங்கே ஃபின், குளுட்டமேட் என்ற செய்தி வேதிப்பொருளை வாங்கும் ஏற்பியோடு செய்யும் வேலைதான் அமிலாய்டின் தொல்லைக்குக் கதவு திறக்கிறது என்று 2010-இல் வந்த எலி ஆய்வு காட்டியது. அந்தப் பிடியை என் கையால் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதுதான் ஆசை.

மறுநாள் காலை, கோடு பதிந்த தாளை (பிளாட்) சீனியரிடம் நீட்டினேன். கோட்டை அவர் பார்க்கவே இல்லை.

“ஒப்பிட்டுப் பார்க்க கன்ட்ரோல் லேன் எங்க?”

“ஜெல்லில் இடம் போதலை சார்.”

“எதையும் பிடிக்காத வெறும் ஆன்டிபாடியைப் போட்டு ஒரு தடவை ஓட்டுங்க. அப்புறம் பேசலாம்.”

ஓட்டினேன். அதே இடம், அதே கோடு, அதே தடிமன். ஆன்டிபாடியும் ஒரு புரதம்தான்; அதன் பெரிய துண்டான கனச் சங்கிலியும் 50 கிலோடால்டன்தான். டாவும் அந்தத் தெருவில்தான் குடியிருக்கிறது. இழுத்ததும் எலி ஆன்டிபாடி, டாவைத் தேடியதும் எலி ஆன்டிபாடி என்பதால், எலி ஆன்டிபாடியைக் காட்டும் சாயத்துக்கு வித்தியாசம் தெரியவில்லை. நானே ஊற்றிய ஆன்டிபாடியைத்தான் நானே கண்டுபிடித்திருந்தேன்.

டாவைத் தேட முயல் ஆன்டிபாடிக்கு மாறினேன். அந்தச் சிக்கல் தீர்ந்தது. தீராத சிக்கல் கழுவுவதில் இருந்தது. கழுவும் கரைசலான பஃபரில் உப்பும் டிடர்ஜென்ட்டும் குறைந்தால் மணிகளில் கண்டதெல்லாம் ஒட்டிக்கொண்டு நிற்கும். கூடினால் உண்மையான உறவும் அறுந்து வடிகாலில் போய்விடும். போதாக்குறைக்கு, செல்லுக்குள் வெவ்வேறு அறைகளில் இருந்த புரதங்களை அரைத்துக் கலந்தது நாம்தான். உயிரோடு இருக்கையில் சந்தித்தே இராத இரண்டு பேர் குழாய்க்குள் கைகோத்து நிற்பார்கள்.

அதைவிட என்னை உறுத்துவது வேறு. டாவ், நரம்பணுவின் உட்சட்டமான நுண்குழல்களை இறுகக் கட்டிக்கொண்டு தாங்குகிறது என்றுதான் நான் படித்திருந்தேன். உயிருள்ள நரம்பணுவில் ஒற்றை மூலக்கூறுகளைப் பின்தொடர்ந்த 2014 ஆய்வில், ஒரு டாவ் நுண்குழலில் நிற்பது சுமார் 40 மில்லி நொடிதான். தொடுகிறது, தாவிவிடுகிறது. ஆரோக்கியம் இந்த லேசான பிடியில் இருக்கிறது. நோயிலோ, டாவின் மேல் பாஸ்பேட் அளவுக்கு மீறி ஏறி, நுண்குழல் மீதான ஒட்டுதல் தளர்ந்து, டாவும் டாவும் ஒன்றையொன்று பற்றித் திரிதிரியாகின்றன. அந்தப் பிடி சாதாரண டிடர்ஜென்ட்டுக்கு அசையாது. எங்கள் முறை, நோயின் பிடியை எளிதில் பிடிக்கும். நலத்தின் பிடியைக் கழுவி ஊற்றிவிடும். புரதங்களை வட்டங்களாகவும் உறவுகளைக் கோடுகளாகவும் வரைந்த படம் எதைப் பார்த்தாலும், இந்தக் கோடு எத்தனை கழுவலுக்குத் தாங்கியது என்றுதான் இப்போது கேட்கத் தோன்றுகிறது.

முயல் ஆன்டிபாடியோடு, பஃபரைப் பலமுறை மாற்றிப் பார்த்த பிறகு, ஒரு சாயங்காலம் 50-க்குச் சற்று மேலே ஒரு கோடு தெரிந்தது. மெல்லியது, விளக்குக்கு நேரே பிடித்தால்தான் புலப்படும். யாரையும் கூப்பிடவில்லை. பக்கத்து கன்ட்ரோல் லேனைப் பார்த்தேன். காலியாக இருந்தது.