எஸ்டிபி கசடு, செம்மண், பெர்மாங்கனேட்: நிறம் ஒருவழியாகப் பிடிபட்டது

மூன்று பாத்தி, மூன்று மாதிரி. ஆய்வகத்திலிருந்து வந்த மூன்று தாளிலும் அங்ககக் கரிமத்துக்கு நேராக ஒரே சொல்: ‘குறைவு’. ஒன்றில் எதுவும் இடவில்லை. ஒன்றில் எங்கள் குடியிருப்பின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையக் (எஸ்டிபி) கசடு. ஒன்றில் அதே கசடு தென்னை நார்க்கழிவோடு மக்கியது. மூக்கை வைத்தாலே வித்தியாசம் தெரிகிற மண்ணுக்கு இப்படி ஒரு தீர்ப்பா என்று எரிச்சல் வந்தது. கூரியர் செலவு வேறு.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆய்வகத்தைக் குறை சொல்ல முடியாது. ஒரு சதுர மீட்டர் பாத்தியில் 15 செ.மீ. ஆழத்துக்கு மண்ணின் எடை சுமார் 200 கிலோ. நான் இட்டது உலர் எடையில் ஒரு கிலோ கசடு. அதில் 30 சதவீதம் கரிமம் என்று தாராளமாக வைத்தாலும் 300 கிராம்தான். அதாவது மண்ணில் 0.15 சதவீத ஏற்றம். அதுவும் இட்ட அன்றைக்கு. கோடை தாண்டியபின் அதில் பெரும்பகுதி காற்றோடு போயிருக்கும். மண் பரிசோதனை அட்டையில் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75க்கு மேல் போனால் அதிகம். இவ்வளவு அகலமான வாசலில் நம் 0.15 எங்கே தட்டுப்படும்? ஆய்வகங்கள் கரிமம் அளக்கும் வாக்லி–பிளாக் முறையே 1934இல் வந்தது. மண்ணிலுள்ள கரிமத்தில் முக்கால் பங்கைத்தான் பிடிக்கும், மீதியைப் பெருக்கல் காரணி வைத்து ஒப்பேற்றுகிறார்கள்.

அதனால்தான் ஊதா நிறப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் பக்கம் போனேன். மொத்தக் கரிமத்தை விட்டுவிட்டு, நுண்ணுயிர்கள் எளிதில் உண்ணக்கூடிய பகுதியை மட்டும் காட்டும் சோதனை இது. ஊதா எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு ‘சுறுசுறுப்பான’ கரிமம். செய்முறை தெரிந்ததுதான்: நிழலில் உலர்த்தி 2 மி.மீ. சல்லடையில் சலித்த மண் 2.5 கிராம், தண்ணீர் 18 மி.லி., கால்சியம் குளோரைடு சேர்த்த 0.2 மோலார் பெர்மாங்கனேட் கரைசல் 2 மி.லி. இரண்டு நிமிடம் குலுக்கல், பத்து நிமிடம் படியவிடல், மேலிருந்து அரை மி.லி. எடுத்து 50 மி.லி.க்கு நீர்த்தல்.

படிக்க எளிது. என் உயிரை வாங்கியது அந்தப் பத்து நிமிடம்.

எதுவும் இடாத செம்மண் நல்ல பிள்ளை. கால்சியம் பட்டதும் களித்துகள்கள் திரண்டு கீழே போய்விடும், மேலே தெளிந்த ஊதா நிற்கும். கசடு இட்ட மண் அப்படியில்லை. மெல்லிய பழுப்புத் தூசி நடுவிலேயே தொங்குகிறது. நார்க்கழிவுப் பாத்தியில் இன்னும் மோசம்: நார்த்துகள்கள் மேலே மிதக்கின்றன. பிப்பெட்டின் நுனியில் ஒரு துகள் ஏறினாலும் அது ஒளியை மறைத்துவிடும். வெளுத்த கரைசலும் அடர்த்தியாகத் தெரியும். கூடுதல் நேரம் படியட்டும் என்று விட முடியாது, பெர்மாங்கனேட் தன் வேலையை நிறுத்துவதில்லை. வடிதாளில் வடிக்கவும் கூடாது. தாளே செல்லுலோஸ், ஊதாவைத் தின்றுவிடும்.

கடைசியில் கைகொடுத்தது ஒல்லியான உயரக் குழாய். அகன்ற பாட்டிலை ஒதுக்கிவிட்டு, குலுக்கி முடித்ததும் உயரமான கண்ணாடிக் குழாய்க்கு மாற்றி, பிப்பெட்டின் வாயை விரலால் அடைத்தபடியே மிதப்பதைத் தாண்டி மேற்பரப்பிலிருந்து ஒரு விரற்கடை கீழே இறக்கி, பிறகுதான் உறிஞ்ச வேண்டும். கை நடுங்கினால் போச்சு. வெளியே எடுத்ததும் நுனியைத் துடைக்கலாம், ஆனால் பஞ்சால் அல்ல, பஞ்சும் செல்லுலோஸ்தான்.

தண்ணீர் விஷயத்திலும் ஒரு வார்த்தை. பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீர் போதும், ஆனால் கேனுக்குக் கேன் தரம் மாறுகிறது. மண் போடாத வெற்றுக் கரைசலை ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்து, வெளுக்காத கேனை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெர்மாங்கனேட்டைப் பாரிமுனையில் வாங்கினேன். ஒரு கடையில் தந்தது மீன்தொட்டி கழுவத்தான் லாயக்கு. குடுவையில் ஒட்டும் பழுப்புக் கறைக்கு ஆக்சாலிக் அமிலம். இணையத்தில் விற்கும் ‘மண் வளப் பெட்டி’களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கரிமம் அளக்கும் என்று அட்டையில் அச்சடித்திருக்கிறார்கள், உள்ளே இருப்பது பி.எச். தாள்.

ஊதாவின் அடர்த்தியை அளக்கும் நிறமானி என் சொந்தத் தயாரிப்பு. கறுப்படித்த பிவிசி குழாய்த் துண்டு, ஒரு முனையில் பச்சை எல்இடி, மறுமுனையில் ஒளி உணரி. நூல்கள் 550 நானோமீட்டர் என்கின்றன. பச்சை எல்இடி 525 பக்கம் நிற்கும். பெர்மாங்கனேட் அங்கேயும் நன்றாகவே உறிஞ்சுகிறது, ஒப்பிடுவதற்கு அது தாராளம்.

இனி முடிவு. கசடு மட்டும் இட்ட பாத்தி, இட்ட புதிதில் ஊதாவை ஒரேயடியாக வெளுக்கவைத்தது. கத்திரி வெயில் முடிந்து எடுத்த மாதிரியில், எதுவும் இடாத பாத்தியின் குழாயையும் இதையும் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசமே இல்லை. நிறமானிதான் கொஞ்சம் காட்டியது. நார்க்கழிவோடு மக்கியது தொடக்கத்தில் அவ்வளவு வெளுக்கவில்லை. ஆனால் கோடைக்குப் பிறகும் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது.

இதில் வியப்பில்லை. குடியிருப்பு நிலையங்களின் கசடு காற்றூட்டலில் வளர்ந்த நுண்ணுயிர்களின் உடல். கொடுங்கையூர், கோயம்பேடு நிலையங்களில்போல் செரிகலனில் வாயு எடுத்தபின் மிஞ்சியது அல்ல. எளிதில் சிதைவதெல்லாம் அதில் அப்படியே இருக்கிறது. தழைச்சத்து வேறு ஏராளம். அதோடு சென்னைச் சூடு. பத்து டிகிரி ஏறினால் சிதைவு வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இங்கிலாந்தின் வோபர்னில் 1942 முதல் 1961 வரை மணற்பாங்கான மண்ணில் கசடு இட்டார்கள். நிறுத்தியபின் கரிமம் மெல்லக் குறைந்தாலும், பல பத்தாண்டுகள் கழித்தும் இடாத மண்ணைவிடக் கூடுதலாகவே இருந்தது. நமக்கு அந்தக் குளிர் இல்லை. ஆனால் அங்கே துத்தநாகமும் காட்மியமும் கரிமம்போலக் குறையாமல் தங்கிவிட்டன, தீவனப் புல்லோடு வளரும் வெள்ளைக் குளோவரின் வேர் முடிச்சுகள் தழைச்சத்தைப் பிடிக்கத் தவறின. ஆகவே ‘கரிமம் போய்விடுகிறது, இன்னும் கொட்டு’ என்று கிளம்புகிறவர்களுக்கு: கரிமம் போகும், உலோகம் போகாது. நகரக் கம்போஸ்ட்டுக்கு மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணை வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்குக் காட்மியம் 5 மி.கி., ஈயம் 100 மி.கி., துத்தநாகம் 1000 மி.கி. எங்கள் கசடுக்கு அந்தச் சோதனை இன்னும் செய்யவில்லை, பணம் சேரட்டும். அதுவரை செம்பருத்தி, அரளி, நந்தியாவட்டைக்கு மட்டும். கீரைப் பாத்திப் பக்கம் கொண்டுபோகமாட்டேன்.

ஒரு எச்சரிக்கை: ஈரமாக நாறுகிற கசடை நேராகச் சோதிக்காதீர்கள். அதிலுள்ள சல்ஃபைடும் ஊதாவை வெளுக்கவைக்கும், கரிமம் எக்கச்சக்கம் என்று ஏமாந்துபோவோம்.

இந்தச் சுற்றே முடியவில்லை, வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்தைய மாதிரி பாக்கி. அதற்குள் அடுத்த குவியலுக்கு மனம் தாவிவிட்டது. நார்க்கழிவை மக்கவைக்க டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் என்பது கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பழைய முறை. யூரியாவின் இடத்தில் கசடு, அவ்வளவுதான் என் திட்டம். சிக்கல் என்னவென்றால், கிருமிகள் சாகக் குவியல் 55 டிகிரியில் 15 நாள் நிற்க வேண்டும், இடையில் ஐந்து முறையாவது புரட்ட வேண்டும். அந்தச் சூட்டில் காளான் வித்தும் செத்துவிடும். சூடு அடங்கியபின் வித்தைத் தூவிப் பார்க்கப்போகிறேன்.

தொங்கும் தூசியைச் சுழற்றி அடியில் இறக்க, கையால் சுற்றும் பழைய சென்ட்ரிஃபியூஜ் யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள். விலை பேசிக்கொள்ளலாம். நான்கு குழாய் பிடித்தால் போதும், கைப்பிடி உடைந்திருந்தாலும் பரவாயில்லை.