ஆல்டோ சாக்ஸபோன், 7 மாதம்: என் வாசிப்பை நானே பதிவு செய்து கேட்டது

சாக்ஸபோன் வாங்கி ஏழு மாதம் ஆகிறது. முதல் இரண்டு மாதம் என் வாசிப்பை நான் ஒருமுறைகூடப் பதிவு செய்யவில்லை. வாசிக்கும்போதே காதில் விழுகிறதே, தனியாக எதற்குக் கேட்க வேண்டும் என்றுதான் இருந்தேன். எனக்குச் சொல்லித் தருபவர் பேண்டு வாத்தியத்தில் பல வருடம் கிளாரினெட் வாசித்தவர். மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் வகுப்பு முடிந்து வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னார்: "தம்பி, ஊதுறவனுக்குக் கேக்குறது வேற, எதிர்ல நிக்கிறவனுக்குக் கேக்குறது வேற. ஒரு தடவை போன்ல எடுத்துக் கேட்டுப் பாருங்க."

அன்று இரவே கர்நாடக இசையின் ஆரம்பப் பாடமான சரளி வரிசையின் முதல் வரியை எடுத்தேன். வாசிக்கும்போது நன்றாகத்தான் இருந்தது, கனமாக, வட்டமாக. பதிவில் வந்தது மெல்லிய, மூக்கடைத்த ஒரு சத்தம். ஒவ்வொரு ஸ்வரம் தொடங்கும்போதும் நாக்கு 'தட்' என்று அடித்தது. மூச்சு இழுப்பது ஸ்வரத்தைவிடத் தெளிவாகக் கேட்டது. நான்கு நாள் வாத்தியத்தைத் தொடவில்லை. இதை எழுதக் காரணமே அந்த நான்கு நாள்தான். அப்போது என்னிடம் யாராவது இதற்கான காரணத்தைச் சொல்லியிருந்தால் அவ்வளவு சோர்ந்திருக்க மாட்டேன்.

காரணம் இதுதான். சாக்ஸபோன் வாசிக்கும்போது மேல்பல் மவுத்பீஸின், அதாவது வாயில் வைக்கும் பகுதியின், மேல் உட்கார்ந்திருக்கிறது. அதில் கட்டியிருக்கும் மெல்லிய நாணல் பட்டையான ரீட் அதிரும்போது அந்த அதிர்வு பல் வழியாகத் தாடைக்கும் மண்டையோட்டுக்கும் ஏறி நேராக உட்காதுக்குப் போய்விடுகிறது. நம் குரலை டேப்பில் கேட்டால் வேறு யாரோ பேசுவதுபோல இருப்பதும் எலும்பு வழியாகக் கேட்கும் இந்தச் சத்தத்தால்தான். சோதித்துப் பார்க்க இரண்டு காதிலும் பஞ்சடைத்துக்கொண்டு வாசித்தேன். அப்படியும் தலைக்குள் கணீரென்று கேட்டது! இன்னொன்று, சத்தம் முழுவதும் கீழே இருக்கும் அந்தப் பெரிய வாயிலிருந்து வருகிறது என்று நினைத்திருந்தேன். பெரும்பாலான ஸ்வரங்களுக்கு, மூடாமல் விட்ட துளைகள் வழியாகத்தான் சத்தம் வெளியேறுகிறது. அதுவும் நமக்கு எதிர்ப்பக்கமாக. வாசிப்பவன் நிற்கும் இடம் கேட்பதற்கு அவ்வளவு நல்ல இடமே இல்லை.

அப்புறம் இரண்டு மாற்றம் செய்தேன். மவுத்பீஸின் மேல் பல் படும் இடத்தில் ஒட்டுகிற சின்ன ரப்பர் துண்டு கடையில் கிடைக்கிறது, அதை ஒட்டினேன். தலைக்குள் வரும் அதிர்வு ஓரளவு குறைந்தது. அடுத்து, அறையின் மூலையைப் பார்த்து, சுவரிலிருந்து ஓரடி தள்ளி நின்று வாசிக்கிறேன். சத்தம் சுவரில் பட்டு முகத்துக்கே திரும்பி வருவதால், பதிவில் கேட்கப்போவதில் பாதி முன்பே தெரிந்துவிடுகிறது.

போனை வைக்கும் இடமும் முக்கியம். முதலில் நோட்டு வைக்கும் ஸ்டாண்டிலேயே வைத்திருந்தேன். உரக்க ஊதிய இடமெல்லாம் கரகரவென்று உடைந்தது, கீகள் டக் டக்கென்று அடிப்பது பெரிதாகக் கேட்டது. இப்போது எட்டடி தள்ளி, பெல்லுக்கு (அந்தப் பெரிய வாய்க்கு) நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில், பீரோ மேல் வைக்கிறேன். போனில் இன்னொரு சங்கடமும் உண்டு. சத்தம் கூடினால் அதுவே குறைத்துக்கொள்கிறது, குறைந்தால் கூட்டிக்கொள்கிறது. அதனால் சன்னமாக ஊதியதும் ஓங்கி ஊதியதும் பதிவில் ஒரே அளவாக வருகின்றன. சில ஆப்களில் இதை அணைக்க முடிகிறது. அணைத்த பிறகுதான் ஒவ்வொரு வரியின் முடிவிலும் என் மூச்சு தேய்ந்து ஸ்வரம் தொங்குவது தெரிய வந்தது.

கேட்பதையும் பழக வேண்டியிருந்தது. முதல் வாரம் ஒரே பதிவைக் கேட்டு 11 குறை எழுதி வைத்தேன். மறுநாள் அந்தத் தாளை எதிரில் வைத்துக்கொண்டு வாசித்தால் எதுவும் வரவில்லை. இப்போது ஒரு பதிவில் ஒன்றை மட்டும்தான் கேட்கிறேன். இன்று சுருதி என்றால் சுருதி. நாக்கு தட்டினாலும் காலம் ஓடினாலும் அது வேறொரு நாளுக்கு.

அப்படிக் கேட்டதில் முதலில் மாட்டியது பஞ்சமம், அதாவது ப.

மாஸ்டர் எனக்குச் சரளி வரிசையின் ராகமான மாயாமாளவகௌளையை ஜி ஸ்வரத்தை ஷட்ஜமமாக, அதாவது ஸ-வாக, வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஆல்டோ ஈ ஃப்ளாட் வாத்தியம் என்பதால், நாம் ஜி பிடித்தால் வெளியே கேட்பது பி ஃப்ளாட், அதாவது ஆறரைக் கட்டை. இதில் ம வரைக்கும் இடது கைதான் வேலை செய்கிறது. ம-வுக்கு ஒரே ஒரு விரல். அடுத்த ப-வுக்கு இரண்டு கையிலும் ஆறு விரல் மூடி, கட்டைவிரலால், ஸ்வரத்தை மேல் ஸ்தாயிக்குத் தூக்கும் ஆக்டேவ் கீயையும் அழுத்த வேண்டும். ஒரு விரலிலிருந்து ஏழு விரலுக்கு ஒரே தாவல். இந்த ஸ்வரம் பல ஆல்டோக்களில் வாத்தியத்தின் அமைப்பாலேயே கொஞ்சம் ஏறித்தான் பேசும். போதாததற்கு, தாவும்போது நான் பயத்தில் கீழுதட்டைக் கடிக்கிறேன். கடித்தால் ரீட் நெரிந்து சுருதி இன்னும் ஏறும், சத்தமும் மெலியும்.

வாசிக்கும்போது இது எனக்குத் தெரியவே இல்லை. பழைய போனில் ஸ-வையும் ப-வையும் விடாமல் ஒலிக்கும் சுருதிப் பெட்டி ஆப்பை ஓடவிட்டு, புதிய போனில் பதிவு செய்து கேட்டபோது, ப வந்ததும் சத்தம் நடுங்கியது. உவ்வுவ்வுவ் என்று ஒரு அலை. ட்யூனரில் பார்த்தால் 25 சென்ட் மேலே (அடுத்தடுத்த இரண்டு ஸ்வரஸ்தானங்களுக்கு நடுவே 100 சென்ட்). அந்தப் பஞ்சமம் 349 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டியது, நான் 354ஐ ஒட்டி ஊதிக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து வித்தியாசம்தான் நொடிக்கு ஐந்து நடுக்கமாகக் கேட்கிறது. இது புரிந்த நாள் எனக்குப் பெரிய சந்தோஷம். 'சத்தம் நன்றாக இல்லை' என்பதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. 'ப-வில் கடிக்கிறாய்' என்றால் நாளைக் காலையே அதற்கு வேலை செய்யலாம்.

செய்த பயிற்சி இது: கீழ் டி ஸ்வரத்தை எட்டு எண்ணிக்கை பிடித்து, வாயை எதுவும் செய்யாமல் கட்டைவிரலை மட்டும் அழுத்தி மேல் டி-க்குப் போவது (என் ப அதுதான்). வாய்க்குள் 'ஓ' சொல்லும் இடம் இருக்க வேண்டும். தினமும் பத்து நிமிடம், சுருதியோடு. 25 சென்ட் 10-க்கு வர ஏழு வாரம் ஆனது.

ரிஷபத்தில் நடந்தது வேறு கதை. நான்காவது மாதப் பதிவுகளில் ரி தாமதமாக வந்தது, சில தடவை வரவே இல்லை. ஸ, ஸ, க என்று கேட்டது. அந்த ரி-க்கு இடது சுண்டுவிரலால் ஜி ஷார்ப் கீயை அழுத்த வேண்டும். சுண்டுவிரலில் பலம் இல்லை என்று முடிவு செய்து பத்து நாள் விரல் பயிற்சி செய்தேன். பதிவில் மாற்றமே இல்லை. ஹெட்போனில் மெதுவாக ஓடவிட்டுக் கேட்டபோது, கீ அழுத்தும் டக் சத்தம் சரியான நேரத்தில் விழுவது தெரிந்தது. ஸ்வரம்தான் பின்னால் வந்தது. அப்படியென்றால் விரல் சரி, வாத்தியம்தான் தாமதம். மாஸ்டரிடம் காட்டினேன். துளையை மூடும் மெத்தையான பேட் துளையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. "காபி குடிச்சிட்டு வாசிப்பீங்களோ?" என்று கேட்டார். ஆமாம், தினமும். சர்க்கரை கலந்த எச்சில் மூச்சோடு உள்ளே போய், ஈரம் காய்ந்ததும் பேட் பிசுபிசுப்பாகிவிடுகிறது. மெல்லிய தாளை இடையில் வைத்து அழுத்தி ஈரத்தை எடுத்தார். இப்போது காபி குடித்தால் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் வாத்தியத்தை எடுக்கிறேன். பதிவு இல்லாவிட்டால் ஒரு குற்றமும் செய்யாத சுண்டுவிரலை இன்னும் எத்தனை நாள் வாட்டியிருப்பேனோ.

காலப்பிரமாணத்துக்கு, அதாவது வேகம் மாறாமல் வாசிப்பதைச் சரிபார்க்க, பெரிய ஞானம் தேவைப்படவில்லை. மெட்ரோனோம் 60-இல் ஸ-விலிருந்து ஏறி இறங்க 16 நொடி ஆக வேண்டும். மெட்ரோனோம் இல்லாமல் எடுத்த பதிவில் 14. ஏறும்போது சரியாக இருக்கிறது, மேல் ஷட்ஜமத்தில் மூச்சு எடுத்ததும் இறக்கத்தில் ஓடுகிறேன். இன்னும் சரியாகவில்லை.

கத்ரி கோபால்நாத்தின் கச்சேரிப் பதிவுகளைக் கேட்டுவிட்டு உடனே என் பதிவைக் கேட்கும் வழக்கம் ஆரம்பத்தில் இருந்தது. நாதஸ்வரக் குடும்பத்தில் பிறந்தவர், மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, இதில் கர்நாடக இசையைக் கொண்டுவர ஒரு வாழ்நாளையே கொடுத்தவர். அவர் பதிவை இப்போதும் தினமும் கேட்கிறேன், ஆனால் காலையில், சமையல் நேரத்தில். என் பதிவு இரவில். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் அன்றைய பயிற்சி என் கையில் நிற்பதில்லை.

மாதத்துக்கு ஒரு பதிவு மட்டும் அழிக்காமல் வைக்கிறேன், அதே முதல் வரி, அதே பீரோ. ஏழாவது மாதத்துக்கானதை இந்த ஞாயிறு எடுத்தேன். ஏற்றத்தில் க, ம கடந்து ப-வில் நான்கு எண்ணிக்கை நின்றேன். கேட்கும்போது அந்த இடத்தில் சுருதிப் பெட்டி நின்றுவிட்டது என்று நினைத்தேன். பழைய போனில் சார்ஜ் போய்விட்டதோ என்று பதிவைப் பின்னால் நகர்த்தி மறுபடி கேட்டேன். நிற்கவில்லை. ப-வை விட்டு த-வுக்குப் போனதும் அது மறுபடி தனியாகக் கேட்டது.