அளந்து வைத்த தண்ணீர்

தண்டையார்பேட்டையிலிருந்து பெரம்பூர் லூர்து அன்னை திருத்தலம் ஒன்றும் வெகுதூரமில்லை; மணமான புதிதில் நானும் அவரும் செபமாலை சொல்லிக்கொண்டே நடந்து போயிருக்கிறோம். 2025 பிப்ரவரி 11, லூர்து மாதா திருநாளன்று, ஆட்டோவில்தான் போக முடிந்தது. மடியில் மருந்துப் பையும், பேனாவால் கோடுகள் இழுத்த ஒரு தண்ணீர்ப் பாட்டிலும் இருந்தன.

அந்தக் கோடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து மூன்று ஆண்டுகளாகின்றன. திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். சிறுநீர் பிரியாத உடம்பில் குடிக்கிற தண்ணீரெல்லாம் தங்கிவிடும்; முதலில் கணுக்காலில் வீக்கமாகத் தெரியும், பிறகு இரவில் படுக்க விடாத மூச்சுத் திணறலாக வரும். ஆகவே அவருக்கு மருத்துவர் விதித்த அளவு, காபி, ரசம், மோர் எல்லாம் சேர்த்து, நாளொன்றுக்கு முக்கால் லிட்டர். குடிக்கக் குடிக்க அதற்குக் கணக்கு வைக்கத்தான் பாட்டிலில் அந்தக் கோடுகள். சித்திரை வெயிலிலும் அதே அளவுதான். தாகத்தோடு இருக்கும் ஒருவருக்குத் தண்ணீர் தர மறுப்பதே மனைவியின் கடமையாகிப்போன கொடுமையை நான் யாரிடம் சொல்வது?

சுற்றத்தார் ஆறுதல் சொல்ல வந்தார்கள். யார் விட்ட சாபமோ என்றார் ஒருவர். ஆண்டவர் சோதிக்கிறார் என்றார் இன்னொருவர். முன்னவரைக்கூட மன்னித்துவிட்டேன், பின்னவரை மன்னிக்க நாளாயிற்று. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, இது இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டதாக யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரம் சொல்கிறது. இரண்டும் இல்லை, கடவுளின் செயல் இவரிடம் வெளிப்படவே என்று இயேசு பதில் சொல்கிறார். கடவுள் தம் செயலைக் காட்ட ஒரு மனிதர் அத்தனை வருடம் இருட்டில் கிடக்க வேண்டுமா என்று அந்தப் பதிலோடு நான் பல இரவுகள் சண்டையிட்டிருக்கிறேன்.

அன்றும் அந்தச் சண்டையோடுதான் திருத்தலத்துக்குள் நுழைந்தேன். பிரான்சிலுள்ள லூர்து பேராலயத்தின் சாயலில் எழுந்த கோவில் அது. மெழுகுதிரிகள் உருகும் வாசனையும் மல்லிகை மணமும் கலந்து வந்தன. குங்குமம் வைத்த பெண்களும் முக்காடிட்ட பெண்களும் கூட்டத்தில் இருந்தார்கள். மாதாவிடம் வருகிறவர்களை யாரும் மதம் கேட்பதில்லை. நெரிசலில் அவரால் நிற்க முடியாதென்று லூர்து குகையைப்போல் அமைத்த கெபியைப் பார்த்தபடி ஓரமாக உட்கார்ந்தோம். ஊசி குத்திக் குத்திப் புடைத்த அவருடைய இடது கையில், டயாலிசிஸுக்காக ரத்தநாளங்களை இணைத்து உண்டாக்கிய பிஸ்டுலாவின் மேல், வழக்கம்போல் விரலை வைத்துப் பார்த்தேன். பொத்திய கைக்குள் வண்டு இரைவதுபோல் அதிர்ந்தது. அந்த அதிர்வு இருக்கிறவரைக்கும் ரத்தம் போகும் வழி அடைபடவில்லை என்று பொருள்.

லூர்து குகையில் மாதாவைக் காட்சியில் கண்ட சிறுமி பெர்னதெத், கெபியில் மண்டியிட்டிருக்கும் உருவத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவளுடைய கதை அன்றுதான் உறைத்தது. அவள் தந்தை, நடத்திவந்த மாவு ஆலையை இழந்தவர். முன்பு சிறைக்கூடமாக இருந்த ஒற்றை அறையில் அந்தக் குடும்பம் ஒண்டிக் கிடந்தது. அவளுக்கோ ஆஸ்துமா. 1858 பிப்ரவரி 25 அன்று, ஊற்றில் குடிக்கச் சொன்ன அன்னையின் சொல் கேட்டு, குகைத் தரையைக் கையால் தோண்டினாள். கிடைத்தது சேறு. மூன்று முறை எறிந்துவிட்டு, நான்காம் முறை குடித்தாள். சேறு அப்பிய முகத்தைப் பார்த்த கூட்டம் அவளைப் பைத்தியம் என்றது. அந்த ஊற்றைத் தேடி இன்றுவரை உலகமே போகிறது. ஆனால் அவள் நோய் தீரவில்லை. பிரான்சின் நெவேர் நகரக் கன்னியர் மடத்தில், நோயாளிகளைப் பராமரிக்கும் பணியில் இருந்துகொண்டே தானும் நோயாளியாகி, எலும்புருக்கியால் 1879இல் தம் 35ஆம் வயதில் இறந்தார்.

அந்தப் பிறவிக் குருடரின் கண்ணில் இயேசு பூசியதும் சேறுதானே என்று நினைத்தபோது, முந்தைய வாரம் டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே நடந்தது நினைவுக்கு வந்தது. கணவரை முதல்முறை உள்ளே அனுப்பிவிட்டு அழுதுகொண்டிருந்த ஓர் இளம்பெண், “அக்கா, தண்ணி கேட்டா எப்பிடிக்கா தராம இருக்குறது?” என்றாள். நான் என் பாட்டிலை எடுத்து, கோடு போடும் முறையைக் காட்டினேன். தாகம் மிஞ்சினால் சின்ன ஐஸ்கட்டியை வாயில் அடக்கச் சொல்லலாம், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும், உப்பைக் குறைத்தால் தாகமே குறையும் என்றேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டுக் குறித்துக்கொண்டாள். இதற்காகத்தான் என் கணவர் நோயுற்றார் என்று சொல்ல நான் துணியமாட்டேன். அவ்வளவு கொடூரமான கணக்கை என் ஆண்டவர் மேல் சுமத்தவும் மாட்டேன். ஆனால் நோய் வந்த பின் ஆண்டவர் என் கையில் ஒரு வேலையைக் கொடுத்திருக்கிறார். ஏன் என்று மூன்று வருடமாகக் கேட்டதில், அந்த வேலை கண்ணில் படவேயில்லை.

திருப்பலி முடிந்து, நோயாளிகளுக்காக மன்றாடினார்கள். 1992இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இந்நாளையே உலக நோயாளர் தினமாக அறிவித்திருந்தார். மன்றாட்டு முடிந்ததும் என் கணவர் என் பக்கம் திரும்பி, “ஒரு வாய் தண்ணி குடும்மா” என்றார். மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். அவர் அதைக் கெபியின் பக்கம் சற்று உயர்த்திக் காட்டிவிட்டு, மெதுவாகக் குடித்தார்.

“இதையும் கணக்குல சேத்துக்கோ” என்றார்.

பையிலிருந்து பேனாவை எடுத்து, பாட்டிலில் அடுத்த கோட்டை இழுத்தேன்.